ஐஸ் ஹாக்கி: யாரைக் கழற்றிவிட்டார்கள், யாருக்கு எத்தனை கோடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கி ஆறேழு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் விதிகளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. இரண்டு மேட்ச் பார்த்தால் அவை பிடிபட்டுவிடும். இவ்வளவு நன்றாக ஆடுகிறவரை நாட்டு அணியில் ஏன் எடுக்கவில்லை, அவருக்கு ஏன் இத்தனை கோடி என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். எங்களுக்குள் சண்டை வருவதும் இந்த இரண்டில்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் இருந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா?

ஆமாம். இது ஹாக்கி தெரிந்த ஊர். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் 2023 ஆகஸ்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டியில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றபோது அங்கே எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, ஸ்டிக் பிடித்த எந்த ஆட்டமும் அந்நியமாகத் தெரியாது. நகரத்தில் முழு அளவு ஐஸ் ரிங்க் கிடையாது. ஆனால் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு ரோலர் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஐஸ் ஹாக்கி வந்தது அந்த வழியாகத்தான்.

'கழற்றிவிட்டார்கள்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்றைச் சொல்கிறோம், மூன்றையும் கலந்துவிடக் கூடாது. ஒன்று, பட்டியலிலேயே பெயர் இல்லாமல் போவது. இரண்டாவது, பெயர் இருந்தும் உட்கார வைக்கப்படுவது. ஒலிம்பிக்கில் ஓர் அணி 25 பேரை அழைத்துப் போகலாம், ஒரு மேட்சுக்கு 22 பேர்தான் உடை மாட்டுவார்கள். மூன்றாவதுதான் இருப்பதிலேயே கொடுமை. அணியில் இருப்பார், ஆடியும் இருப்பார், ஆனால் மிக முக்கியமான நொடியில் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

மூன்றாவதற்கு உதாரணம் 1998 நகானோ ஒலிம்பிக். என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்; கீழே வெறுமனே 'லீக்' என்றால் இதுதான்) வீரர்கள் முதல்முறையாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. அரையிறுதியில் கனடாவும் செக் குடியரசும் 1-1. கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை, ஷூட் அவுட்டுக்குப் போனது. கனடா தரப்பில் ஐந்து பேர் போனார்கள். வேய்ன் கிரெட்ஸ்கி அந்த ஐந்தில் இல்லை. என்.எச்.எல்.-லில் அதுவரை அதிக கோல் அடித்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, டிஃபன்ஸ் ஆடும் ரே போர்க் போய் முயன்றார். செக் கோல் கீப்பர் டொமினிக் ஹாஷெக் ஐந்தையும் தடுத்தார். செக் தரப்பில் ராபர்ட் ரைக்கல் அடித்த ஒரு கோல் போதுமானதாக இருந்தது. எல்லோரும் போன பிறகும் கிரெட்ஸ்கி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி இன்றும் வீடியோவில் கிடைக்கிறது.

பயிற்சியாளர் மார்க் கிராஃபர்ட் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோல் கீப்பரை நேருக்கு நேர் சந்தித்து அடிப்பது கிரெட்ஸ்கியின் பெரிய பலம் அல்ல என்று சொன்னவர்கள் அப்போதும் உண்டு. 37 வயது வேறு. இருந்தும் என் மனம் ஒப்பவில்லை. ஐந்து வாய்ப்பில் ஒன்றையாவது அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

நன்றாக ஆடுகிறவரை ஏன் விடுகிறார்கள்?

அணி என்பது சிறந்த 25 பேரின் பட்டியல் அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாள் பிடித்தது.

ஐஸ் ஹாக்கியில் ஃபார்வர்டுகள் மூன்று மூன்று பேராகவும் டிஃபன்ஸ்காரர்கள் இரண்டு இரண்டு பேராகவும் உள்ளே போய், முக்கால் நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். முதல் மூவர் கோல் அடிக்க, கடைசி மூவர் எதிரணியின் நட்சத்திரங்களை அடக்க. யாராவது தண்டனை பெற்று வெளியே போனால் ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர் நின்று காக்க வேண்டும். அதற்கென்று தனித் திறமை உள்ளவர்கள் தேவை. ஸ்டிக்கிலும் இடக்கை, வலக்கை உண்டு. டிஃபன்ஸ் ஜோடியில் ஆளுக்கு ஒரு கை இருந்தால் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) எடுத்துக் கொடுப்பது சுலபம். வலக்கைக்காரர்கள் குறைவு என்பதால், புள்ளிகளில் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) பின்தங்கிய ஒரு வலக்கைக்காரர் முன்னால் நிற்கும் இடக்கைக்காரரைத் தாண்டி உள்ளே போய்விடுவார்.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. டெஸ்ட் பந்துவீச்சாளர்களில் உலகின் முதல் இடத்தில் இருந்த நம்ம அஸ்வின் வெளியே. ஆடுகளம் வேகப்பந்துக்கு உதவும், நான்கு வேகப்பந்து வீச்சாளர்களுடன் ஜடேஜா போதும் என்பது கணக்கு. இடக்கைக்காரர் டிராவிஸ் ஹெட் 163 அடித்தார், ஆஸ்திரேலியா 209 ரன்னில் வென்றது. மேற்கு மாம்பலத்தில் அன்று என்ன பேசினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கவனியுங்கள்: அஸ்வினுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 'இந்த ஆடுகளத்துக்கு இந்தச் சேர்க்கை' என்றுதான் சொன்னார்கள். அந்தக் கணக்கு தப்பாகப் போனது. ஐஸ் ஹாக்கியில் நடக்கும் பெரும்பாலான கழற்றிவிடல்கள் இந்த வகைதான்.

எல்லாக் காலத்திலும் மோசமான கழற்றிவிடல் எது?

என்னைக் கேட்டால் 2014 சோச்சி ஒலிம்பிக், மார்ட்டின் செயின்ட் லூயி.

சுருக்கமாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுங்கள். செயின்ட் லூயி டாம்பா பே அணியின் கேப்டன். முந்தைய சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்து ஆர்ட் ராஸ் கோப்பை வாங்கியவர், அதுவும் 37 வயதில். கனடா ஒலிம்பிக் அணியைத் தேர்வு செய்யும் பொறுப்பு ஸ்டீவ் ஐசர்மேனிடம். இதே ஐசர்மேன்தான் டாம்பா பே அணியின் பொது மேலாளர். அதாவது தினமும் காலையில் அலுவலகத்தில் முகம் பார்க்கும் ஆள். 2010-லும் செயின்ட் லூயியை அவர் எடுக்கவில்லை. 2014 ஜனவரியில் வந்த பட்டியலிலும் பெயர் இல்லை.

பிறகு டாம்பா பேயின் இளம் நட்சத்திரம் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், காலில் எலும்பு முறிந்தது சரியாகாததால் விலக, அந்த இடத்துக்கு செயின்ட் லூயியைக் கூப்பிட்டார்கள். போனார். கனடா தங்கம் வென்றது. ஆறு மேட்சில் மொத்தமே மூன்று கோல்தான் விட்டுக்கொடுத்த அணி அது; அப்படி ஒரு கட்டுக்கோப்பு. செயின்ட் லூயி கோல் எதுவும் அடிக்கவில்லை. கழுத்தில் தங்கத்தோடு ஊர் திரும்பியவர் டாம்பாவில் தங்கவில்லை. என்னை வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்றார். மார்ச் 5-ஆம் தேதி நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ரேஞ்சர்ஸ் அந்த வருடமே லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிவரை போனது.

எங்கள் குழுவில் பாதிப் பேர் ஐசர்மேன் பக்கம். தங்கம் வந்ததே, தேர்வு சரிதானே என்பார்கள். தேர்வு சரியாகவே இருக்கட்டும். பதினைந்து வருடத்துக்கு நெருக்கமாக ஓர் அணிக்காக உழைத்த கேப்டனை, இப்போது அதே அணியின் மேலாளராக இருப்பவர் இரண்டு முறை 'நீ வேண்டாம்' என்று சொன்ன பிறகு அவர் மறுநாள் அதே டிரெஸ்ஸிங் ரூமுக்கு எப்படி வருவார்? இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கக் கூடாது. தப்பு அங்கேதான்.

சிட்னி கிராஸ்பியையே ஒருமுறை விட்டார்களாமே?

2006 டூரின் ஒலிம்பிக்கில். அப்போது அவருக்கு 18 வயது, லீகில் முதல் வருடம். பெரியவர்களுக்கு முன்னுரிமை என்று அவரை எடுக்கவில்லை. சுவிட்சர்லாந்திடம் 0-2, பின்லாந்திடம் 0-2, காலிறுதியில் ரஷ்யாவிடம் 0-2. மூன்று தோல்வியிலும் கனடா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நான்கு வருடம் கழித்து வான்கூவரில் அமெரிக்காவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் தங்கம் வென்றுகொடுத்த கோலை அடித்தது கிராஸ்பிதான். பையனை எடுத்திருந்தால் 2006 மாறியிருக்குமா என்பதற்கு எங்களிடம் விடை இல்லை. ஆனால் சின்னப் பையன் காத்திருக்கட்டும் என்பது ஒரு காரணமே இல்லை என்பதில் நாங்கள் எல்லோரும் ஒரே கட்சி. 2025-ல் நான்கு நாடுகள் போட்டிக்கு இளம் வீரர் கானர் பெடார்டை எடுக்காதபோதும் இதே பேச்சு எங்கள் மாடியில் ஓடியது. அந்த முறை கனடா கோப்பையை வென்றுவிட்டது, பேச்சு பாதியில் நின்றது.

அந்த இறுதிப் போட்டியைப் பார்த்தீர்களா?

பார்த்தோம். 2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரி, நமக்குக் காலை ஆறரை மணி. பாஸ்டனில் கனடா-அமெரிக்கா மேட்ச். கீழே பால் பாக்கெட் வந்து விழுந்த சத்தம் கேட்டது, எடுக்க யாரும் இறங்கவில்லை. எட்டு மணிக்கு ஸ்கூல் வேன். பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள். வேன் நேரம் நெருங்கியும் மேட்ச் முடிகிற வழியாக இல்லை. வேன் டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டு, இன்றைக்கு நாங்களே கொண்டுபோய் விடுகிறோம் என்று சொல்லிவிட்டோம். 2-2 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. கனடாவின் கானர் மெக்டேவிட் அடித்தார், 3-2. மூன்று பிள்ளைகளும் ஸ்கூலுக்கு லேட்.

ரஷ்ய வீரர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை?

உக்ரைன் மீதான போரைத் தொடர்ந்து 2022 பிப்ரவரி இறுதியில் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் ரஷ்யாவையும் பெலாரஸையும் தன் போட்டிகளிலிருந்து விலக்கியது. அதனால்தான். லீகில் அவர்கள் வழக்கம்போல ஆடுகிறார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டியது ரஷ்யரான அலெக்ஸ் ஓவெச்ச்கின்தான். நாட்டுப் போட்டிகளில் ரஷ்யர்கள் இல்லாததைத் தேர்வுக் குழுவின் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போது அதிகச் சம்பளம் யாருக்கு?

கிரில் கப்ரிஸோவ், மினசோட்டா வைல்ட். 2025 செப்டம்பர் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தம்: எட்டு ஆண்டு, 13.6 கோடி டாலர். சராசரி ஆண்டுக்கு 1.7 கோடி டாலர். 2026-27 சீசனிலிருந்து தொடங்குகிறது. ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 144 கோடி ரூபாய்க்கு மேல். 2015-ல் ஐந்தாம் சுற்றில், 135-ஆவது ஆளாகத் தேர்வானவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவருக்கு முன் உச்சத்தில் இருந்தவர் எட்மன்டனில் ஆடும் ஜெர்மானியர் லியோன் டிரைசைட்டில், ஆண்டுக்கு 1.4 கோடி டாலர்.

இவ்வளவு கொடுக்க அணிக்கு எங்கிருந்து பணம்? வரம்பே இல்லையா?

உண்டு. 2004-05 சீசன் முழுக்க ஒரு மேட்ச்கூட நடக்காமல் போனது, இந்த வரம்புச் சண்டையில்தான். அதற்குப் பிறகு வந்ததுதான் கேப், அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு. 2005-06-ல் 3.9 கோடி டாலர். 2025-26-ல் 9.55 கோடி. 2026-27-க்கு 10.4 கோடி என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். லீகின் வருமானம் வீரர்களுக்குப் பாதி, உரிமையாளர்களுக்குப் பாதி. வருமானம் ஏறினால் கேப் ஏறும்.

ஒரு தனி வீரர் கேப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்க முடியாது. இதை ஐ.பி.எல். கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2025 சீசனுக்கான ஏலத்தில் ஓர் அணியின் பர்ஸ் 120 கோடி ரூபாய். ரிஷப் பந்த்துக்கு லக்னோ கொடுத்தது 27 கோடி, அதாவது பர்ஸில் 22.5 சதவீதம். கப்ரிஸோவின் 1.7 கோடி டாலர் 10.4 கோடியில் சுமார் 16 சதவீதம்தான். எண்ணில் பெரிதாகத் தெரிகிற ஐஸ் ஹாக்கி ஒப்பந்தம் பங்கு வீதத்தில் சின்னது. 'யாருக்கு எத்தனை கோடி' என்று கேட்காமல் 'அணியின் பணத்தில் எத்தனை சதவீதம்' என்று கேட்கப் பழகினால் பாதி வாக்குவாதம் நின்றுவிடும்.

அப்படியென்றால் பேரத்தில் வீரருக்குத்தான் மேல்கையா?

ஆரம்பத்தில் இல்லவே இல்லை. பதினெட்டு வயதில் ஓர் அணி உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நீங்கள் அந்த அணியின் ஆள். முதல் மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு மேல்வரம்பு இருக்கிறது. உலகமே பேசிய பெடார்டுக்கு முதல் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 9.5 லட்சம் டாலராகத்தான் இருந்தது. அதன் பிறகும் ஏறக்குறைய 27 வயதுவரை, அல்லது ஏழு சீசன் முடியும்வரை, முழுச் சுதந்திரம் கிடையாது. வேறு அணி விலை சொல்லலாம், ஆனால் பழைய அணி அதே விலையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி எட்மன்டனின் இரண்டு இளம் வீரர்களுக்கு, பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவருக்கும், ஒரே நாளில் இப்படி விலை சொன்னது. கேப் நெருக்கடியில் இருந்த எட்மன்டன் இருவரையும் விட்டுக்கொடுத்தது. இரண்டு மாதம் முன்புதான் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டி ஆடிய அணி!

வீரருக்குக் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் கையெழுத்துப் போடாமல் வீட்டில் உட்காருவது. 2018-ல் டொரன்டோவின் வில்லியம் நைலாண்டர் டிசம்பர் 1 மாலைவரை, கெடு முடிய நிமிடங்கள் இருக்கும்வரை, அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தாண்டியிருந்தால் அந்த சீசன் முழுக்க ஆட முடியாது. பேராசை என்று திட்டினவர்கள் ஏராளம். நான் திட்ட மாட்டேன். முழங்கால் ஒருநாள் போனால் எல்லாம் போகிற தொழில் அது.

பதினைந்து வருட ஒப்பந்தமெல்லாம் இருந்ததாமே?

இருந்தது, அதனால்தான் இப்போது தடை. கேப் கணக்கில் சேர்வது ஆண்டுச் சராசரி. ஆகவே முதல் சில வருடம் கொட்டிக் கொடுத்து, கடைசி வருடங்களுக்குச் சில்லறை எழுதி, மொத்த வருடத்தை இழுத்தால் சராசரி இறங்கும். 2010-ல் நியூ ஜெர்சி டெவில்ஸ் இல்யா கோவல்சுக்குக்கு 17 ஆண்டு, 10.2 கோடி டாலர் எழுதியது. முடியும்போது அவருக்கு 44 வயது ஆகியிருக்கும். லீக் இதை ஏமாற்று வேலை என்று நிராகரித்தது, தகராறைத் தீர்க்க வந்த சமரச நடுவரும் அதை உறுதி செய்தார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று மாற்றி எழுதினார்கள். மூன்றே வருடத்தில், 2013-ல், என்.எச்.எல்.-லிருந்து ஓய்வு என்று அறிவித்துவிட்டு கோவல்சுக் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். மிச்சம் 7.7 கோடி டாலர், வேண்டாம் என்று விட்டுவிட்டு.

ரிக் டிபியெட்ரோ கதை வேறு மாதிரி. நியூயார்க் ஐலாண்டர்ஸ் 2006-ல் இந்த கோல் கீப்பருக்கு 15 ஆண்டு, 6.75 கோடி டாலர் கொடுத்தது. அடுக்கடுக்காகக் காயம். 2013-ல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். முறித்ததற்கான தொகையை ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வீதம் 2029 வரை கட்ட வேண்டும். அவரைக் கேலி செய்யும் படங்கள் வருடா வருடம் வரும். நான் அவற்றைப் பகிர்வதில்லை. உடம்பு ஒத்துழைக்காதது அவர் குற்றம் இல்லை, எழுதிக் கொடுத்தது அணி.

2013 முதல் சொந்த அணியோடு எட்டு ஆண்டு, மற்ற அணியோடு ஏழு ஆண்டு என்று வரம்பு. 2026 செப்டம்பரிலிருந்து அது ஏழு, ஆறு என்று குறைகிறது.

மெக்டேவிட் குறைவாக வாங்கியது புத்திசாலித்தனமா?

எங்கள் குழுவில் இன்றும் முடியாத சண்டை. 2025 அக்டோபரில் மெக்டேவிட் எட்மன்டனோடு இரண்டே ஆண்டு நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டார், அதே பழைய 1.25 கோடி டாலருக்கு. 2017-ல் ஒப்புக்கொண்ட அதே தொகை! கேட்டிருந்தால் கப்ரிஸோவை விட அதிகம் கொடுத்திருப்பார்கள். ஆனால் 2024, 2025 இரண்டு முறையும் இறுதிப் போட்டியில் ஃபுளோரிடாவிடம் தோற்றவர் அவர். தன் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த பணத்தில் இன்னொரு நல்ல வீரரை எடுங்கள் என்கிறார். கூடவே இரண்டே வருடம் என்று வைத்து, கோப்பை வரவில்லையென்றால் கிளம்பிவிடுவேன் என்பதையும் சொல்லாமல் சொல்கிறார்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இதையே எல்லோருக்கும் அளவுகோலாக வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உச்சியில் இருப்பவர் விட்டுக்கொடுத்தால், 'அவரே அவ்வளவுதான் வாங்குகிறார், உனக்கென்ன' என்று நடுத்தர வீரரின் வாயை அடைப்பார்கள்.

பெரிய ஒப்பந்தம் உள்ளவரை நாட்டு அணியில் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். வேண்டியதில்லை. சம்பளம் என்பது அடுத்த எட்டு வருடத்துக்கான கணிப்பு. கேப், வயது, போட்டிக்கு எத்தனை அணி நின்றது எல்லாம் கலந்த விலை. நாட்டு அணித் தேர்வு இரண்டே வாரத்துக்கு. இது வேறு கணக்கு, அது வேறு கணக்கு.

பி.கே. சுப்பனைப் பாருங்கள். 2013-ல் லீகின் சிறந்த டிஃபன்ஸ் வீரருக்கான நாரிஸ் கோப்பை வாங்கினார். சோச்சிக்குப் போன கனடா அணியிலும் இருந்தார், ஆனால் ஆடியது ஒரே ஒரு மேட்ச். அதே 2014 ஆகஸ்டில் மான்ட்ரியல் அவருக்கு எட்டு ஆண்டு, 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அன்றைய தேதிக்கு டிஃபன்ஸ் வீரர்களில் அதிகச் சம்பளம். பிப்ரவரியில் பெஞ்சில், ஆகஸ்டில் உச்சியில். இரண்டில் ஒன்று தப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டில் ஏசி இருக்கும் ஹாலும் வேண்டும், காற்று வரும் திண்ணையும் வேண்டும். எதில் உட்காருவது என்பது நேரத்தைப் பொறுத்தது.

கப்ரிஸோவோ இன்னும் தெளிவான உதாரணம். 2018 பியோங்சாங்கில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் தங்கத்துக்கான கோலை அடித்தவர் அவர். லீகின் மிகப் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அவர் நாட்டுக்கே சர்வதேசப் போட்டியில் இடம் இல்லை.

நாட்டுக்காக ஆடப் போய் அடிபட்டால் சம்பளம்?

ஒப்பந்தப் பணம் வரும், காப்பீடும் உண்டு. அணிக்குத்தான் இழப்பு. 2006-ல் ஹாஷெக் டூரினில் முதல் மேட்சிலேயே காயம் பட, ஒட்டாவா அணிக்கு அந்த சீசனில் அவர் திரும்பவே இல்லை. 2014-ல் ஜான் டாவரெஸின் முழங்கால் சோச்சியில் போனது. உரிமையாளர்கள் ஒலிம்பிக்கை விரும்பாததற்கு இது பெரிய காரணம். 2018-ல் லீக் வீரர்களை அனுப்பவில்லை, 2022-ல் கொரோனாவால் விலகியது. 2026-க்கும் 2030-க்கும் அனுப்புவதாக 2024 பிப்ரவரியில்தான் உடன்பாடு வந்தது.

பெண்கள் ஆட்டத்தில் என்ன நிலை?

எண்களே சொல்லும். 2024 ஜனவரி 1 அன்று தொடங்கிய பெண்களுக்கான புதிய தொழில்முறை லீகில் முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலராக இருந்தது. கப்ரிஸோவின் ஆண்டுப் பணத்தில் அப்படி 480 பேருக்குச் சம்பளம் போடலாம்.

2017-ல் அமெரிக்கப் பெண்கள் அணி தங்கள் சொந்த நாட்டில் நடக்கவிருந்த உலகச் சாம்பியன்ஷிப்பை, நியாயமான ஊதியம் இல்லாவிட்டால் ஆட மாட்டோம் என்று அறிவித்தது. மாற்று அணி திரட்டப் பார்த்தார்கள். கேட்கப்பட்ட வீராங்கனைகளில் பலர் மறுத்தார்கள். போட்டி தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, மார்ச் 28 அன்று, உடன்பாடு வந்தது. ஆடி, கனடாவை 3-2 என்று வென்று தங்கமும் எடுத்தார்கள். 'அவளை விட்டுவிட்டு என்னை எடு' என்று கிளம்ப ஓர் அணிக்குத் தேவையான ஆள் சேரவில்லை. ஐஸ் ஹாக்கியில் எனக்கு மிகப் பிடித்த சம்பவம் இதுதான்.

இந்திய அணி இருக்கிறதா? அதில் இந்தச் சண்டைகள் உண்டா?

இருக்கிறது. 1989-லேயே சர்வதேச சம்மேளனத்தில் உறுப்பினர் ஆனோம். ஆண்கள் அணி முதலில் ஆடியது 2009-ல், அபுதாபியில். பெண்கள் அணி 2016-ல், தைவானில். வீரர்களில் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். குளிர்காலத்தில் உறையும் குளங்களும் ஏரிகளும்தான் அவர்களுக்கு ரிங்க். வருடத்தில் இரண்டு, மூன்று மாதம்தான் ஐஸ்.

அங்கே கோடி ஒப்பந்தம் எதுவும் இல்லை. 2016-ல் பெண்கள் அணி தைவான் போகப் பணம் இல்லாமல் பொதுமக்களிடம் திரட்டித்தான் போனது. அடுத்த வருடம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வென்று முதல் வெற்றி. 2025 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். ஒன்பது வருடத்தில் இந்தத் தூரம். இதைப் பற்றிப் பேச நம் ஊர் டிவிகளில் இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

கழற்றிவிடும் பழக்கத்தில் நம் ஹாக்கி யாருக்கும் இளைத்ததில்லை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம். கேப்டன் தன்ராஜ் பிள்ளை. வந்து இறங்கிய சூட்டில் அவரையும் இன்னும் சில மூத்த வீரர்களையும் அணியிலிருந்து நீக்கினார்கள். 'ஓய்வு' என்று பெயர் வைத்தார்கள்.

என் பிள்ளையை எடுக்கவில்லை. என்ன சொல்வது?

என் மகளுக்கு நடந்தது. ரோலர் ஹாக்கி, மாவட்ட அளவு. எந்த அமைப்பு என்பது வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது, வெள்ளைத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பத்துப் பெயர். அவள் மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, தாளின் ஓரத்தில் மடிப்புக்குள் ஏதாவது பெயர் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

'அடுத்த தடவை கிடைக்கும்' என்று அன்றைக்கு நான் சொன்னதை இப்போது சொல்ல மாட்டேன். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து பயிற்சியாளரிடம் அவளையே கேட்கச் சொன்னேன், நான் தள்ளி நின்றேன். அவர் ஸ்கேட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வேகம் உன்கிட்ட இருக்கும்மா. பின்னால திரும்பி ஓடுறப்போ இடது பக்கம் மட்டும்தான் திரும்புற. வலது பக்கம் வர்றவங்களை விட்டுடுற." தாளோடு அந்த ஒரு வாக்கியத்தையும் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் நான்கு நாள் அழுதிருக்க மாட்டாள். மறுநாளே காலையில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வலது பக்கமாகத் திரும்பிப் பழகினாள். ஆகவே, கேளுங்கள். பிள்ளையே கேட்கட்டும்.

எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி மேட்ச் என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஐந்தரை, அவர்களுடைய கோடை நேரத்தில் நாலரை. மேற்குக் கரை மேட்ச் மூன்று மணி நேரம் கழித்து. முழு மேட்சுக்கு நேரம் இல்லாதவர்களுக்கு லீகின் அதிகாரப்பூர்வ யூடியூப் சேனலில் சுருக்கம் வந்துவிடும். எங்கள் மாடிக்கு வருவதாக இருந்தால் ஐந்தே காலுக்கு வாருங்கள், டிகாஷன் இறங்கியிருக்கும். செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள்.